தைப்பூசத்தன்று நாங்கள் ஏறிய பஸ்

தம்பி,

நீ பழனியிலிருந்து எழுதிய கடிதம் போன வாரம் வந்து சேர்ந்தது. காலில் இருந்த கொப்புளமெல்லாம் உடைந்து ஆறிவிட்டது என்று எழுதியிருக்கிறாய். நான் கொடுத்தனுப்பிய தேங்காய் எண்ணெயை நீ தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டாய், எனக்குத் தெரியும். ஆறிவிட்டதல்லவா, அது போதும். இங்கே சிங்கப்பூரில் தேக்கா பாசாருக்குப் போய் ஒரு கட்டு கீரை வாங்கி வா என்றால் சைக்கிள் எங்கே என்று கேட்கிற பிள்ளை நீ. அப்பா பிறந்த ஊரிலிருந்து பழனி மலை வரைக்கும் தோளில் காவடியோடு வெறுங்காலில் நடந்து முடித்துவிட்டாய் என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. கடிதத்தை உன் அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மலை ஏறிக் காவடியை இறக்கிய இடம் வந்ததும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னங்க என்றேன். வேர்வை என்றார். தலைக்கு மேலே காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

அந்த இடத்தோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் நீ எழுதியிருந்ததைக் குரலைத் தாழ்த்திப் படித்துப் பார்த்தேன், ஆனால் அந்த மனிதருக்கு வேண்டாததெல்லாம் நன்றாகக் காதில் விழும். வேண்டுதல் முடிந்தது, லீவு இன்னும் மிச்சம் இருக்கிறது, இனி ஒரு டூரிஸ்ட் மாதிரி கன்னியாகுமரி, பம்பாய், ஆக்ரா என்று சுற்றிவிட்டு வரட்டுமா, அப்பா சரி என்றால் போகிறேன், இல்லையென்றால் அடுத்த கப்பலைப் பிடிக்கிறேன், மதுரையில் சித்தப்பா வீட்டில் பதிலுக்குக் காத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய்.

"என்னாது, திருப்பிப் படி" என்றார். திருப்பிப் படித்தேன்.

"டூரிஸ்டாம்ல டூரிஸ்டு. கோயிலுக்குப் போனவன் நேரா வீட்டுக்கு வரணும்னு தெரியாதா அவனுக்கு? வளத்த லட்சணம்."

வளர்த்த லட்சணம் என்று அவர் சொன்னால் அது என்னைத்தான். நீ ஏதாவது நல்லது செய்துவிட்டால் மட்டும் அவருடைய ரத்தம். கிடங்கில் மூட்டை அடுக்கு சரிந்து அவர் கால் நசுங்கியபோது, இந்தக் கால் தேறினால் பழனிக்கு நடந்தே வருகிறேன் என்று முருகனிடம் சொன்னவர் அவர். கால் தேறியது, ஆனால் அவ்வளவு தூரம் நடக்கிற அளவுக்குத் தேறவில்லை. அவருக்குப் பதிலாக நான் நடக்கிறேன் என்று நீ சொன்ன நாளிலிருந்து கோப்பிக்கடையில் யாரைப் பார்த்தாலும் "எம்மவன், எம்மவன்" என்றுதான் பேச்சு. அப்போது வளர்த்த என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இனி எழுதப்போவதை உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். எழுதத்தான் போகிறேன். நீ அங்கே நடக்கத் தொடங்கிய அன்று காலை, உன் அப்பாவும் இங்கே கோயிலுக்குப் போய்க் குருக்களிடம் மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிக்கொண்டு வந்தார். வேண்டுதல் என்னுடையது, அவன் கால்களை மட்டும்தான் கொடுத்திருக்கிறான் என்றார். அன்று கழற்றிப் போட்ட செருப்பு கதவுக்குப் பின்னால் கிடந்தது. பாயில்தான் படுக்கை. மீன் குழம்பு இல்லாமல் சோற்றில் கை வைக்காத மனிதர், ரசத்தைப் பிசைந்து பிசைந்து ஏதோ தண்டனை மாதிரி சாப்பிட்டார். கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு, அந்தக் காலை இழுத்து இழுத்து வேலைக்குப் போய் வந்தார். தைப்பூசத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். முடியவில்லை. நீ கொண்டுவரும் பழனி விபூதி நம் வீட்டு வாசற்படி ஏறினால்தான் காப்பு அவிழும் என்று சொல்லிவிட்டார். கடிதத்துக்குள் நீ மடித்து வைத்திருந்த விபூதிப் பொட்டலத்தைக் காட்டினேன். தபாலில் வந்தது சேராது, நடந்தவன் கையால் வரவேண்டும் என்று சொல்லி அதைச் சாமி மாடத்தில் வைத்துவிட்டார்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ ஆக்ராவில் பளிங்கு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒவ்வொரு நாளும் உன் அப்பா இங்கே வெறுங்காலோடு ரோட்டில் நிற்பார். நீ வா என்று எழுதினால் உன் ஆசை போச்சு. நீ போ என்று எழுதினால் அவருடைய கால் போச்சு. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டு ஒரு வாரமாக எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். உனக்கு எதற்குமே உடனே பதில் போடுகிற அம்மா ஏன் எழுதவில்லை என்று நீ பயந்திருப்பாய்.

இவர் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறார் என்று நீ கேட்கலாம். உன் தாடைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறதே, சவரம் செய்யும்போதெல்லாம் கத்தி தடுக்குகிறது என்று என்னிடம் சலித்துக்கொள்வாயே, அதைத் தொட்டுப் பார். எல்லாம் அதிலிருந்து ஆரம்பித்ததுதான். அந்தத் தழும்பு விழுந்த அன்று நானும் அப்பாவும் எங்கே இருந்தோம் என்று உனக்கு இதுவரை நாங்கள் சொன்னதில்லை. கோயிலில் கூட்டம் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

நீ அப்போது பள்ளிக்கூடம் சேராத பிள்ளை. நீ நல்லபடியாகப் பிறந்ததற்காக அப்பா ஒரு காவடியும் நான் பால்குடமும் நேர்ந்திருந்தோம். அந்தத் தைப்பூசத்துக்கு உன்னை நம் கீழ்வீட்டு பாக்கியம் அக்காவிடம் விட்டுவிட்டு விடிகிற நேரத்தில் பெருமாள் கோயிலுக்குப் போனோம். அங்கிருந்து சிராங்கூன் ரோடு, சிலிகி ரோடு, டோபி காட் என்று நடந்து டேங்க் ரோடு முருகன் கோயிலில் பாலை ஊற்றினோம். பழனிக்கு நடந்தவனிடம் இதைப் பெரிய நடை என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் தலையில் குடத்தோடு, காலுக்குக் கீழே தார் உருக, ஒவ்வொரு சந்தியிலும் நின்று நின்று போனால் தெரியும். அபிஷேகம் முடிந்தது. காவடியை அப்பாவின் கூட்டாளிகள் லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தேங்காய் மூடியும் வாழைப்பழமும் விபூதியும் கட்டிய பிரசாதத் துணியோடு நாங்கள் இரண்டு பேரும் கோயில் வாசலில் நின்றோம். நேராக வீட்டுக்கு வர வேண்டியதுதான் பாக்கி.

வாசலுக்கு எதிரே ஒரு பஸ் நின்றது. கப்பலில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரர்களை ஊர் சுற்றிக் காட்டுகிற பஸ். காவடி பார்க்கக் கூட்டி வந்திருந்தார்கள். வெள்ளைக்காரம்மா ஒருத்தி, பெரிய தொப்பி போட்டிருந்தாள், என் முன்னால் வந்து நின்று கேமராவைத் தூக்கிக் காட்டிக் கண்ணாலேயே கேட்டாள். மஞ்சள் புடவை, கலைந்த தலை, நெற்றி நிறைய விபூதி, எப்படி இருந்திருப்பேன் பார். அப்பா முறைத்தார். நான் தலையை ஆட்டினேன். எடுத்துக்கொண்டாள். எடுத்து முடித்துவிட்டு, பஸ்ஸில் விளக்கம் சொல்ல வந்திருந்த யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருவரிடம் ஏதோ சொன்னாள். அவர் எங்களிடம் வந்தார்.

"அக்கா, இவ உங்களையும் வரச் சொல்லிக் கேக்கிறா. வெயில் தாங்காமல் ரெண்டு பேர் கப்பலுக்குத் திரும்பிப் போட்டினம். ரெண்டு சீட் சும்மாதான் கிடக்குது. பூமலை பாத்து, கடல் பாத்து, ஹார்பர்ல இறக்கி விடுறன்."

"நாங்க வீட்டுக்குப் போகணுங்க" என்றார் அப்பா.

நான் என்ன செய்தேன் தெரியுமா தம்பி, பஸ்ஸுக்குள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டேன். எனக்கே தெரியாது ஏன் என்று. இந்த ஊருக்கு வந்து அத்தனை வருஷம் ஆகியும் நான் பார்த்தது பஃபலோ ரோட்டு மாடி அறை, தேக்கா பாசார், கோயில், இந்த மூன்றுதான். கப்பலிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு கடலைப் பார்த்ததே இல்லை. தீவில் இருந்துகொண்டு கடலைப் பார்க்காத பொம்பளை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டு கீழே நின்ற அப்பாவைப் பார்த்தேன். அவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோயிலைப் பார்த்தார்.

"என்ன யோசிக்கிறியள் அண்ணை, அக்கா ஏறிட்டா" என்றார் அந்தத் தம்பி. அப்பாவும் ஏறிவிட்டார்.

அதற்கப்புறம் பார்த்ததையெல்லாம் எழுதினால் இந்தத் தாள் போதாது. ஆர்ச்சர்ட் ரோட்டில் கண்ணாடிக்குப் பின்னால் பொம்மைகள் உடுப்புப் போட்டுக்கொண்டு நின்றன. நான் மனுஷர்கள் என்று நினைத்தேன். பூமலையில், அதுதான் நம் ஆட்கள் பூமலை என்று சொல்கிற பெரிய தோட்டம், ஒரு குரங்கு வந்து நம் பிரசாதத் துணியை அப்படியே பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. அங்கேயே உட்கார்ந்து அவிழ்த்து, வாழைப்பழத்தை உரித்துத் தின்றது, விபூதியை முகர்ந்து பார்த்துத் தும்மியது. வெள்ளைக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பா முகம் சிறுத்துப்போய் நின்றார். "விடுங்க, அனுமாருக்குப் போய்ச் சேந்துருச்சு" என்றேன். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

கடைசியாக பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் நிறுத்தினார்கள். எல்லாரும் மரத்தடியில் நின்று எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்தார்கள். நான் நேராக இறங்கிப் போய்க் கடலில் காலை வைத்தேன். தாரில் வெந்த கால், கொப்புளத்தில் உப்புத் தண்ணீர் பட்டதும் உயிர் போகிற எரிச்சல். கொஞ்ச நேரத்தில் அதுவே சுகமாக இருந்தது. தொப்பிக்காரம்மா ஷூவைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் காலும் சிவந்து போய்த்தான் இருந்தது. தன் காலைக் காட்டினாள், என் காலைக் காட்டினாள், இரண்டு பேரும் சிரித்தோம். அவள் என்ன மொழி என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. பின்னால் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உன் அப்பா வந்தார். அலை ஒன்று பெரிதாக வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். அத்தனை பேருக்கு முன்னால். அலை போன பிறகும் விடவில்லை. நான் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்தான் சொல்கிறேன். அந்தப் படத்தை அனுப்புகிறேன் என்று அவள் விலாசம் வாங்கிக்கொண்டு போனாள், வரவில்லை. எந்த ஊரில் எந்த அலமாரியில் உன் அம்மா மஞ்சள் புடவையோடு இருக்கிறாளோ.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தோம். நீ பாக்கியம் அக்கா மடியில் தாடையில் துணிக் கட்டோடு படுத்திருந்தாய். கட்டுக்குக் கீழே காப்பித்தூள் அப்பியிருந்தது. மாடிப்படியிலிருந்து உருண்டுவிட்டான், இப்பத்தான் விழுந்தான் என்றாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தைக்கும்போது நீ போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அப்பா சொன்னது அதைவிட அதிகமாக இருக்கிறது.

"நேரா வந்திருந்தா இது நடந்திருக்குமா? பிரசாதம் குரங்கு கையில, புள்ள ரத்தத்துல."

ஏறியது நான்தானே. அதற்குப் பிறகு நம் வீட்டில் எது எப்படி மாறியது என்று உனக்கே தெரியும், காரணம்தான் தெரியாது. கோயில், வீடு. வேலை, வீடு. பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் மலாக்காவுக்குப் போனபோது நீ மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாய், அப்பா அசையவில்லை. பெருநாள் என்றால் கூட்டாளி வீட்டுக்குக்கூடக் கோயிலிலிருந்து நேராகப் போகக்கூடாது, நம் வீட்டு வாசற்படியை மிதித்துவிட்டுத்தான் போகவேண்டும். உங்கப்பா கொடுமைக்காரர் இல்லை தம்பி. பயந்தவர். நானும் பயந்தேன் என்பதுதான் உண்மை. அந்த நாளை நினைத்தால் கடலும் ஞாபகம் வரும், உன் தாடையும் ஞாபகம் வரும், ஒன்றை விட்டு ஒன்றை நினைக்க முடியாது. அதனால் நினைக்காமலே இருந்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பாக்கியம் அக்கா வந்தாள். குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போன பிறகு அவள் நடையே மாறிவிட்டது, கைப்பை இல்லாமல் வருவதில்லை. அப்பா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். செருப்பு இல்லாமல் அவருடைய குதிகால் வெடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டாள். உன் கடிதத்தையும் அவருடைய காப்பையும் சொன்னேன். அந்தப் பஸ் கதையையும் சொன்னேன். இவ்வளவு வருஷம் கழித்து அவளிடம் மறைக்க என்ன இருக்கிறது? நேராக வராததால்தான் உனக்கு அடிபட்டது என்று அவர் நினைக்கிறார் என்றேன். அவள் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன சொல்ற நீ? அவன் காலையிலயே விழுந்துட்டான் லா."

"எப்ப?"

"நீங்க பெருமாள் கோயில்ல இருந்து கிளம்புற நேரம். மேளச் சத்தம் கேட்டுச்சு, முதல் காவடி வருதுன்னு எல்லாரும் ரோட்டுக்கு ஓடுனாங்க. நானும் ஓடுனேன். புள்ளைய ஒரு நிமிஷம் படியில உக்கார வச்சிட்டுப் போனேன். திரும்பி வந்தா கீழ கெடக்கான்."

"அப்ப ஏன் இப்பத்தான் விழுந்தான்னு சொன்னீங்க?"

"உங்க வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தீல்ல அன்னிக்கு. பகல் பூரா காப்பித்தூள அப்பி வச்சிருந்தேன்னு சொன்னா என்னைய வெட்டிப் போட்டுருவாருன்னு பயந்துட்டேன். உன் மவன்கிட்டயும் ஒரு டப்பா பிஸ்கட் குடுத்துச் சொல்லாதடான்னு சொல்லிட்டேன்."

ஆக நீயும் கூட்டுக் களவாணி. ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை, இருந்தால் அடுத்த கடிதத்தில் எழுது. அன்றைக்கு உன் கட்டைப் பிரித்தபோது ரத்தம் காய்ந்து கறுத்துப் போயிருந்ததை நானே பார்த்தேன். பார்த்தும் யோசிக்கவில்லை. தப்பு செய்துவிட்டோம் என்று நினைப்பவருக்குக் கண் எதிரே இருப்பதுகூடத் தெரியாது போலிருக்கிறது. அக்கா புடவை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நாங்கள் கடவுளுக்கு நடந்துகொண்டிருந்தபோது அவளும் கடவுளைப் பார்க்கத்தானே ஓடினாள்.

அப்பா திரும்பவே இல்லை. தூங்குகிறார் என்று நினைத்தேன். அக்கா போன பிறகும் சுவரைப் பார்த்தபடியே கிடந்தார். மறுநாள் காலையில் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் பேசினார்.

"காலையிலயா விழுந்தான்?"

"ஆமாங்க."

"நான் காவடி தூக்குற நேரமா?"

"ஆமா."

"பஸ்ஸுல ஏறுறதுக்கு முன்னாடியே."

"ரொம்ப முன்னாடி."

கோப்பியைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "அப்ப முருகன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தான்? அவனுக்குத்தானே நடந்தோம்?"

நான் படித்தவள் இல்லை, என்ன சொல்வது என்று யோசித்துச் சொல்லவும் இல்லை. "சாமிக்கு நடந்தாலும் புள்ள விழும். பஸ்ஸுல போனாலும் விழும். வீட்டுலயே கட்டிப் போட்டாலும் விழும். புள்ளன்னா விழும். தைக்கிறதுக்கு நாம இருந்தோம்ல, அதுதான் முருகன் பண்ணுனது" என்றேன். அவர் கோப்பியைக் கீழே வைத்தார். வேலைக்குப் போய்விட்டார், வெறுங்காலோடு.

நேற்று பொது விடுமுறை. காலையில் குளித்துவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு" என்றார். எங்கே என்று கேட்டேன். "அவன் நடந்து முடிச்சுட்டான். நான் இன்னும் முடிக்கல." சாமி மாடத்திலிருந்து உன் விபூதிப் பொட்டலத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபால்ல வந்தாலும் இனி நடந்தே போகட்டும் என்றார். கதவுக்குப் பின்னால் கிடந்த செருப்பை நான் அவருக்குத் தெரியாமல் ஒரு பையில் போட்டுக்கொண்டேன். பெருமாள் கோயிலிலிருந்து அதே வழியில் டேங்க் ரோட்டுக்கு நடந்தோம். காவடி இல்லை, மேளம் இல்லை, கூட்டம் இல்லை, நாங்கள் இரண்டு பேர்தான். அவர் காலை இழுத்து இழுத்து வந்தார். நான் கையைக் கொடுத்தால் தட்டிவிட்டார். சிலிகி ரோட்டில் ஒரு சீனர் கடையில் உட்கார்ந்து இளைப்பாறினோம். அந்தக் கடைக்காரர் அவருடைய வெறுங்காலையும் மஞ்சள் கயிற்றையும் பார்த்துவிட்டு, இன்றைக்கா தைப்பூசம் என்று மலாயில் கேட்டார். எல்லாருக்கும் முடிந்துவிட்டது, எனக்குக் கொஞ்சம் லேட் என்று அப்பா மலாயிலேயே சொன்னார். அவர் தமாஷ் பேசி எத்தனை நாள் ஆகிறது தெரியுமா?

டோபி காட் தாண்டியதும் என் கையை அவராகவே பிடித்துக்கொண்டார். கோயிலில் சந்நிதி முன்னால் நின்று பொட்டலத்தைப் பிரித்து, நீ அனுப்பிய விபூதியை எனக்கும் பூசி, தானும் பூசிக்கொண்டார். குருக்கள் காப்பை அவிழ்த்தார். கயிறு இருந்த இடத்தில் தோல் வெளுத்து ஒரு வளையம் தெரிந்தது. வாசலுக்கு வந்ததும் செருப்பை எடுத்துக் கீழே வைத்தேன். நல்ல திருடி நீ என்றார். மாட்டிக்கொண்டு அங்கேயே நின்று ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

"என்னங்க பாக்குறீங்க?"

"பஸ் வருதான்னு."

"வீட்டுக்குப் போற பஸ் அந்தப் பக்கம்ல நிக்கும்."

"வீட்டுக்கு யாரு போறா? பாசிர் பாஞ்சாங் பஸ்ஸ எங்க புடிக்கணும்னு கேளு."

தம்பி, எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்டு, மாறி மாறி ஏறிப் போய்ச் சேர்ந்தோம். கரை கொஞ்சம் மாறியிருந்தது, தண்ணீர் அதே தண்ணீர்தான். அப்போதுதான் மாட்டிய செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவர் முட்டளவு தண்ணீரில் நின்றார். உனக்கு என்ன எழுதட்டும் என்று அங்கேதான் கேட்டேன். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"போகச் சொல்லு. மூணு கடலும் சேர்ற எடத்துல எனக்காக ஒருவாட்டி காலை நனைக்கச் சொல்லு. வெடிப்புக்கு நல்லது."

அதனால் போ. நீ நடந்த நடைக்கும் இதற்கும் சண்டை எதுவும் இல்லை. நடக்கும்போது நீ முன்னால் போகிறவரின் குதிகாலைத்தான் பார்த்திருப்பாய், இப்போது தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு போ. கோயிலைப் பார், கோயில் இல்லாததையும் பார். ரயிலில் யாராவது தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாதே, உட்கார்ந்து பேசு. சிங்கப்பூர் பிள்ளை என்று உன்னை யாராவது வேடிக்கை பார்த்தால் அப்பாவைப் போல முறைக்காதே, நானும் ஒரு காலத்தில் வேடிக்கையாக நின்றவள்தான், அதில் ஒன்றும் குறைந்துபோகவில்லை. எங்களுக்கு எதுவும் வாங்காதே, பார்த்ததை எழுது, அப்பாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன், இனி எந்தப் பக்கத்திலும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. நாளைக்கு நீயும் ஒரு பிள்ளைக்கு அப்பாவாவாய். அது விழும். அன்றைக்கு நீ எங்கே இருந்தாய் என்று உன்னையே போட்டு அடித்துக்கொள்ளாதே. தூக்கி, துடைத்து, தைத்துவிட்டு, மறுபடி வெளியே கூட்டிக்கொண்டு போ.

வரும் ஞாயிற்றுக்கிழமை பொங்கோல் போகலாம் என்கிறார். அங்கே கடலோரத்தில் நண்டு நன்றாக இருக்குமாம், கிடங்கில் யாரோ சொன்னார்களாம். ரசம் சாப்பிட்டதற்கெல்லாம் சேர்த்துப் பழி வாங்கப் போகிறார். அதற்கடுத்து சாங்கி. அதற்கடுத்து என்ன என்று அவருக்கே தெரியாது. கேட்டால், "டூரிஸ்டுகிட்ட அதெல்லாம் கேக்கக் கூடாது" என்கிறார்.

சாவகாசமாகச் சுற்றிவிட்டுக் கப்பல் ஏறு. நீ வந்து இறங்குகிற அன்று துறைமுகத்தில் எங்களைக் காணவில்லை என்றால் பயந்துவிடாதே, நேராக வீட்டுக்கும் போகாதே, வீடு பூட்டியிருக்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாசிர் பாஞ்சாங் பஸ்ஸில் ஏறி வா. தண்ணீரில் நிற்போம்.

அம்மா